பெட்டகத்துக்குள் இருந்த புத்தகங்கள்



"நம்மட ஆக்கள்ற வீட்டில எந்தக் காலத்தில புத்தகம் இருந்த?" இந்தக் கேள்வியை ஆசிரியர் அறையிலும் கேட்கிறோம், பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்கிறோம். கேட்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள்தான். அதோடு இன்னொன்றும் சொல்வார்கள்: "இப்ப இருக்கிற விலைக்குப் புத்தகம் வாங்க ஏலுமா?" இரண்டாவது பேச்சில் உண்மை இருக்கிறது. முதலாவது பிழை. கிழக்குக் கரையோரத்தில் நெசவும் மீன்பிடியும் வயலும் செய்து வாழ்ந்த நம் முன்னோருக்குக் கையில் காசு புரண்ட காலம் குறைவு. அப்படியிருந்தும் அவர்களின் வீடுகளில் புத்தகம் சேர்ந்தது. அது எப்படிச் சேர்ந்தது, எப்படிப் போனது என்பதை இன்று எழுதுகிறோம். நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

நம் மூத்தம்மாமாரின் வீடுகளில் புத்தக அலுமாரி இருக்கவில்லை. பெட்டகம் இருந்தது. கலியாணப் புடவை, காணி உறுதி, நகை இருந்தால் நகை, இவற்றோடு துணியில் சுற்றிய இரண்டு மூன்று கிதாபுகள். குர்ஆன் ஒன்று, மௌலூது கிதாபு ஒன்று, அறபுத்தமிழ்க் கிதாபு ஒன்று. காணி உறுதிக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்த ஒரு சமூகத்துக்குப் புத்தகத்தின் பெறுமதி தெரியாது என்று எப்படிச் சொல்வது?

அறபுத்தமிழ் என்றால் என்னவென்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். மொழி தமிழ், எழுத்து அறபு. தமிழுக்கு மட்டும் உரிய ஓசைகளுக்காகச் சில அறபு எழுத்துக்களில் புள்ளியோ கோடோ கூட்டி எழுதினார்கள். தமிழகத்தின் காயல்பட்டினம், கீழக்கரை தொடங்கி நம் நாட்டின் வெலிகம, பேருவளை, கிழக்கு ஊர்கள் வரை இந்த எழுத்து ஓடியது. கீழக்கரையைச் சேர்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 1898இல் மௌத்தானவர். இலங்கைக்குப் பல தடவை வந்து போனவர். அவருடைய மகானியும் பத்ஹுத் தய்யானும் மார்க்கச் சட்டங்களை அறபுத்தமிழில் சொன்ன நூல்கள். பத்ஹுத் தய்யானை 1963இல் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்தார்கள். பெண் பிள்ளைகளுக்கென்றே 'பெண்புத்திமாலை' இருந்தது. கதை கேட்க விரும்பியவர்களுக்கு 'நூறு மசலா' இருந்தது.

இதில் நாம் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. ஓதப்பள்ளிக்குப் போகும் பிள்ளை அறபு எழுத்தை எப்படியும் படிக்கும். அதற்குத் தனிச் செலவில்லை. அந்த எழுத்தைக் கொண்டே தமிழையும் வாசிக்கலாம் என்றால், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படாத பெண் பிள்ளையும் வாசகியாகிவிடுகிறாள். வசதியற்ற ஒரு சமூகம் கண்டுபிடித்த மலிவான வழி இது. ஒரே எழுத்தில் இரண்டு மொழி. தமிழில் கையெழுத்து வைக்கத் தெரியாமல் பெருவிரலைப் பதித்த மூத்தம்மா ஒருவர், இரவில் அறபுத்தமிழ்க் கிதாபை மடியில் வைத்துத் தட்டுத் தடங்கலில்லாமல் வாசித்திருப்பார். அரசாங்கப் பத்திரத்தில் அவர் எழுத்தறிவில்லாதவர்!

அந்தக் கிதாபுகளில் பல சென்னையிலும் பம்பாயிலும் கல்லச்சில் அச்சானவை. ஆலிமோ எழுத்தாளரோ கையால் எழுதியதை அப்படியே கல்லில் எடுத்து அச்சிடுவார்கள். அறபு எழுத்துக்கு ஈய அச்சுக் கோப்பதைவிட அது இலகு. வியாபாரத்துக்குப் போய் வந்தவர்களும் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களும் கொண்டுவந்தார்கள். எல்லா வீட்டிலும் ஒரு பிரதி இருந்ததென்று நினைக்க வேண்டாம். ஒரு ஒழுங்கைக்கு ஒரு மகானி இருந்தாலே பெரிது. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். சிலர் இரவல் வாங்கித் தேவையான பக்கங்களைக் கொப்பியில் எழுதி வைத்தார்கள். ஒரு புத்தகத்தின் காசில் ஒரு ஒழுங்கையே படித்தது.

நாங்கள் பார்த்த பழைய கிதாபுகள் பலவற்றின் முன்பக்க வெற்றுத் தாளில் பிள்ளைகள் பிறந்த நாளும் பெரியவர்கள் மௌத்தான நாளும் எழுதப்பட்டிருக்கின்றன. பிறப்புச் சான்றிதழ் தொலைந்த வீட்டிலும் அந்தப் பக்கம் இருக்கிறது. இடையில் ஒரு சுவையான விடயம்: உலகின் பல பாகங்களில் அறபுக் கையெழுத்துப் பிரதிகளின் முதல் பக்கத்தில் 'யா கபீகஜ்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பூச்சி அரிக்காமல் காக்கும் சொல் என்று நம்பினார்கள். கறையானுக்கு அறபு தெரிந்திருக்க வேண்டும் என்ற நம்பிக்கைதான்!

தமிழ் எழுத்தில் அச்சான புத்தகம் முஸ்லிம் வீட்டுக்குள் பெருமளவில் வந்ததில் கண்டிச் சட்டத்தரணி சித்தி லெப்பையின் பங்கு பெரிது. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1883இல் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்ட அறபி பாஷா இலங்கைக்கு வந்தார். இரண்டு வருடம் கழித்து, 1885இல், எகிப்தில் பிறந்த ஒரு பிள்ளையின் கதையாக 'அசன்பே சரித்திரம்' வெளிவந்தது. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுவது அதுதான். நாட்டின் முதல் தமிழ் நாவலை எழுதிய சமூகத்தின் வீடுகளில் இன்று அந்த நாவல் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல வெட்கமாக இருக்கும்.

இலவசக் கல்வி 1945இல் வந்தபின் புத்தகம் சேர்ப்பவர் மாறினார். லெப்பையின் இடத்துக்கு ஆசிரியர் வந்தார். பயிற்சிக் கலாசாலையில் படித்து வெளியூரில் கற்பித்த வாத்தியார் விடுமுறைக்கு வரும்போது பெட்டிக்குள் நான்கு புத்தகம் கொண்டுவருவார். அது ஊருக்குள் கைமாறிக் கைமாறி அட்டை இல்லாமல் திரும்பி வரும். சில நேரம் திரும்பியே வராது.

வீட்டில் புத்தகம் சேர்த்தவர்களின் பொற்காலம் எழுபதுகள். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அன்றைய அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் கட்டுப்பாடு விதித்தது. வாசகருக்கு அது கஷ்டம்தான், ஆனால் உள்ளூர் எழுத்துக்கு வழி திறந்தது. வீரகேசரி பிரசுரம் மலிவுப் பதிப்பாக நாவல்களை வெளியிட்டது. பாலமனோகரனின் 'நிலக்கிளி', செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' இரண்டும் 1973இல் அப்படி வந்தவை. அதற்கு முன்பே நம் பக்கத்தில், கல்முனையில், எம். ஏ. நுஃமானும் நண்பர்களும் வாசகர் சங்கம் என்று ஒன்றை வைத்துப் புத்தகம் போட்டார்கள். மஹாகவியின் 'கோடை' 1970இலும் 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்' 1971இலும் வாசகர் சங்க வெளியீடுகள். யாழ்ப்பாணத்து அளவெட்டிக் கவிஞரின் நூல்கள் கல்முனையிலிருந்து வந்தன என்பதை இன்றைய பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டு சமூகத்துக்கும் இடையில் என்ன இருந்தது என்பதற்கு அந்தப் புத்தகங்களின் பதிப்புப் பக்கமே சாட்சி.

மற்றக் காரணம் மொஸ்கோ. முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு அனுப்பிய புத்தகங்களைச் சோவியத் அரசே மானியம் கொடுத்து மலிவாக்கியிருந்தது. கெட்டி அட்டை, நல்ல தாள், விலையோ ஒரு சாதாரண உள்ளூர்ப் புத்தகத்தின் அளவுதான். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் போன்றவர்கள் மொழிபெயர்த்தார்கள். ஐந்து நேரமும் தவறாமல் பள்ளிக்குப் போன வாப்பாமார் வீட்டிலும் தோல்ஸ்தோய் இருந்தார், கோர்க்கி இருந்தார். சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' நம்மவர்களுக்குத் தனியாகப் பிடித்துப் போனதில் அதிசயமில்லை. கிர்கிஸ் நாட்டு முஸ்லிம் கிராமமொன்றில், அரைகுறைப் படிப்போடு ஒரு இளைஞன் பழைய தொழுவத்தைத் திருத்திப் பள்ளிக்கூடம் நடத்துகிறான். ஆசிரியத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் எந்தக் கற்பித்தல் முறை நூலுக்கும் முன்னால் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததோடு அந்தப் புத்தகங்களின் வரவும் நின்றது. அந்த விலையில் அந்தத் தரத்தில் தமிழில் புத்தகம் அதற்குப் பிறகு வரவில்லை.

இனி, போன கதை.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் 97,000 அளவிலான நூல்கள் எரிந்தன. அது எல்லோருக்கும் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களின் வீடுகளில் என்னென்ன கிதாபுகள் இருந்தன என்பது ஒருவருக்கும் தெரியாது. யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். பிள்ளையைத் தூக்குவதா, புத்தகத்தைத் தூக்குவதா? பொதுநூலகம் எரிந்தால் எண்ணிக்கை தெரியும். வீட்டு நூலகம் அழிந்தால் அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் போகும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது நம் கரையிலும் அதுதான் நடந்தது. இழந்த உயிர்களுக்கு முன்னால் புத்தகத்தைப் பற்றிப் பேச அன்று யாருக்கும் வாய் வரவில்லை. அது நியாயமும்கூட.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நடந்தது வேறு விதம். சோதனை வருகிறது என்ற பயத்தில் அறபு எழுத்து இருந்த எதையும் வீட்டில் வைக்கப் பயந்தார்கள். எரித்தார்கள், புதைத்தார்கள், கிணற்றில் போட்டார்கள். நூறு வருடத்துக்கு முந்திய அறபுத்தமிழ்க் கிதாபும் அதோடு போனது. அதில் எழுதியிருந்தது தொழுகையின் பர்ளும் சுன்னத்தும். மொழி தமிழ். ஆனால் அதை வாசித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. வாசிக்கத் தெரியாத புத்தகம் சொந்த வீட்டிலேயே சந்தேகத்துக்குரிய பொருளாகிவிட்டது.

பயத்தால் போனதைவிட மரியாதையால் போனது கூட என்றால் நம்புவீர்களா? பழுதான குர்ஆன் தாள்களைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, மண்ணில் புதைப்போம் அல்லது ஓடும் நீரில் விடுவோம். அறபுத்தமிழ்க் கிதாபும் பார்வைக்குக் குர்ஆன் போலவே இருந்ததால் அதையும் சேர்த்தே புதைத்தோம். தமிழ் எழுத்துப் புத்தகத்துக்கு அந்த மரியாதையும் இல்லை. அது கிலோக் கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போய்க் கச்சான் சுருளானது.

ஆகவே குறைந்த காசில் வீட்டில் புத்தகம் சேர்க்க நினைப்பவர்களிடம் எங்கள் அபிப்பிராயம் சற்று வித்தியாசமானது. கொழும்பில் செப்டெம்பர் மாதப் புத்தகக் கண்காட்சிக்குப் போய், பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் செலவழித்து, எப்போதும் கிடைக்கக்கூடிய புத்தகத்தை வாங்கி வருகிறோம். 'பொன்னியின் செல்வன்' எங்கும் போகாது. இன்னும் ஐம்பது வருடம் கழித்தும் புதிதாக அச்சாகும். ஆனால் பக்கத்து ஊர்க் கவிஞர் 300 பிரதி அச்சிட்டு வெளியிட்ட தொகுதி, பாடசாலையின் பொன்விழா மலர், பள்ளிவாசல் திறப்பு விழா மலர், நெசவாளர் சங்கத்தின் ஆண்டறிக்கை, இவை ஒருமுறைதான் வரும். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்கும் பிரமுகர் அதை வாசிப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். இரண்டாவது பிரதியை நாம் வாங்கி வாசிப்போம். காசு கொஞ்சம், புத்தகமோ பிறகு தேடினாலும் கிடைக்காதது.

2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போட்ட நாடு இது. அதற்குப் பிறகு புத்தக விலை ஏறியது ஏறியதுதான். ஆசிரியர் சம்பளத்தில் மாதம் ஒரு புத்தகம் என்பதே பெரிய விடயம். ஒழுங்கைக்கு ஒரு மகானி என்ற பழைய முறை இங்கே உதவும். நாங்கள் நான்கு வீட்டார் சேர்ந்து மாதம் ஆளுக்கு 500 ரூபா போடுகிறோம். ஒரே புத்தகத்தை இரண்டு வீடு வாங்குவதில்லை. யார் வீட்டில் எது இருக்கிறதென்று ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதியிருக்கிறோம். இரவல் போனதும் அதில்தான் இருக்கிறது. மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடைகளுக்கு யாராவது போனால் பட்டியலோடு போகிறார்கள். மொஸ்கோப் புத்தகம் இன்னும் அங்கே அகப்படுகிறது.

யாழ்ப்பாண நூலகமும் 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தன் வீட்டிலிருந்த புத்தகங்களை அயலவர்களுக்கு இரவல் கொடுத்ததில்தான் தொடங்கியது.

வைத்திருப்பது பற்றி ஒரு சொல். நம் கரையில் உப்புக் காற்று, ஐப்பசி தொடங்கி மாரி. சுவரோடு ஒட்டி அலுமாரியை வைத்தால் பின்வரிசைப் புத்தகம் பூஞ்சணம் பிடிக்கும். நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மாரி முடிந்ததும் ஒரு நாள் நிழலில் பரப்பிக் காற்றாட வையுங்கள், நேர் வெயிலில் வேண்டாம். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களை மின்வருடி இலவசமாகப் போட்டிருக்கிறது. அங்கே இருப்பதைக் காசு கொடுத்துத் தேடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே இல்லாதது நம் பெட்டகத்தில் இருந்தால் அதுதான் முதலில் காக்க வேண்டியது.

கிதாபு வைத்திருக்கும் வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். புத்தகத்தை எங்களுக்குத் தர வேண்டாம். பெயர்களும் திகதிகளும் எழுதிய முன்பக்கத்தையும் முதல் நான்கு பக்கங்களையும் போனில் படமெடுத்து உட்பெட்டிக்கு அனுப்புங்கள். அறபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த மூத்தம்மாமார் மூவர் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கண் மங்கிவிட்டது, ஆனால் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் வாசிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அவர்களிடம் போகிறோம். வர விரும்பும் பிள்ளைகள் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுவந்தால் போதும்.