பதக்கம் யாருக்கு? 1847இல் பிரித்தானியக் கடற்படை வகுத்த விதிகள்

போர்ப் பதக்கம் ஒன்றைப் பார்த்தால், அதை யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று எழுதிவைத்த விதியைத்தான் நான் முதலில் தேடுவேன். அந்த வகையில் பிரித்தானியாவின் கடற்படைப் பொதுச்சேவைப் பதக்கம் கவனிக்க வேண்டியது.

1793இல் பிரான்சுடன் தொடங்கிய போர்களில் அரசின் தங்கப் பதக்கம் அட்மிரல்களுக்கும் கப்டன்களுக்கும் மட்டுமே கிடைத்தது. பீரங்கிகளை இயக்கிய மாலுமிகளுக்கும் பதக்கம் உண்டு என்ற அறிவித்தல் 1847 யூன் மாதம்தான் வர்த்தமானியில் வெளியானது. பின்னர் அது 1840 வரையான சண்டைகளுக்கும் நீட்டப்பட்டது.

ஆனால் எந்தச் சண்டைகளுக்கு? தங்கப் பதக்கம் கொடுக்கப்பட்ட பெருஞ்சண்டைகளில் சிக்கல் இருக்கவில்லை. சிறிய சண்டைகளுக்கு, வர்த்தமானியில் செய்தி வந்ததா, அதற்காக அதிகாரி ஒருவருக்குப் பதவி உயர்வு கிடைத்ததா என்று பார்த்தார்கள். அதாவது, மாலுமி எவ்வளவு கடுமையாகச் சண்டையிட்டார் என்பதல்ல, அவருடைய மேலதிகாரிக்கு என்ன கிடைத்தது என்பதே அளவுகோல். இப்படித் தெரிவான சண்டைகளின் பெயர் பொறித்த வெள்ளிப் பட்டைகள் பதக்க நாடாவில் கோக்கப்பட்டன. மொத்தம் 231 பட்டைகள்.

அடுத்த விதி இன்னும் கடுமையானது. உயிரோடிருப்பவர் தானே விண்ணப்பிக்க வேண்டும். சண்டையிலேயே இறந்தவருக்கும், அரை நூற்றாண்டு காத்திருந்து இறந்தவருக்கும் எதுவுமில்லை. குடும்பத்தினர் அவர்களுக்காகக் கேட்கவும் முடியாது. இத்தகைய விதி ஒரு வீட்டுக்கு என்ன செய்யும் என்பதை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கிட்டத்தட்ட 21,000 பதக்கங்களே வழங்கப்பட்டன. சில சண்டைகளின் பட்டைகளைக் கேட்க ஒருவர்கூட மிஞ்சியிருக்கவில்லை.

பெண்களும் விண்ணப்பித்தார்கள். சண்டை நேரத்தில் வெடிமருந்து சுமந்ததிலும் காயப்பட்டவர்களைப் பராமரித்ததிலும் கப்பலில் இருந்த பெண்களுக்கும் பங்கு உண்டு. 1805 ட்ரபால்கர் சண்டையில் டிபையன்ஸ் கப்பலில் இருந்தவர் ஜேன் டவுன்சென்ட். அறிவித்தலில் ஆண், பெண் என்ற பேதம் இல்லாததால் அவருடைய கோரிக்கை முதலில் ஏற்கப்பட்டது. பிறகு மறுத்துவிட்டார்கள். அவர் பங்களிக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அவரைப்போலப் பயன்பட்ட பெண்கள் கப்பல்களில் பலர் இருந்தார்கள், ஒருவருக்குக் கொடுத்தால் எண்ணற்ற விண்ணப்பங்கள் வரும் என்பதே காரணம். நைல் சண்டைக்காகக் கேட்ட மேரி ஆன் ரைலி, ஆன் ஹொப்பிங் ஆகியோருக்கும் கிடைக்கவில்லை.

அதே பதக்கம் டானியல் ட்ரெமண்டஸ் மக்கென்சிக்குக் கிடைத்தது. 1794 யூன் 1 சண்டையின்போது ட்ரெமண்டஸ் கப்பலில் பிறந்தவர் அவர். பதக்கப் பதிவேட்டில் அவருடைய பதவி 'குழந்தை' என்று இருக்கிறது. அந்தக் கப்பலில் அவரைப் பெற்றெடுத்த தாய் கேட்டிருந்தால், டவுன்சென்டுக்குச் சொன்ன பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.