கெட்டுப்போன பெட்டியும் கட்டி முடியாத தவணையும்

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



வரலாறு என்றதும் தலைவர்கள், தேர்தல்கள், போர்கள் ஆகியவைதாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு குடும்பம் எந்த ஆண்டில் வானொலிப் பெட்டி வாங்கியது, எந்த ஆண்டில் மின்சாரச் சோற்றுப் பானைக்கு மாறியது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால், வீட்டுக்குள் வந்த ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. என்ன விலை? எத்தனை மாதத் தவணை? கெட்டுப்போனபோது நட்டம் யார் தலையில் விழுந்தது? இந்த மூன்றாவது கேள்வியைப் பற்றித்தான் நான் இன்று பேச விரும்புகிறேன்.

கம்பி வழி வந்த குரல்

சிங்கப்பூரில் பல வீடுகளுக்குள் முதலில் நுழைந்தது ஒலிதான். 1949ஆம் ஆண்டு ரெடிஃப்யூஷன் என்னும் கம்பிவழி வானொலிச் சேவை இங்கே தொடங்கியது. மாதச் சந்தா 5 வெள்ளி. அன்றைய கூலித் தொழிலாளிக்கு அது சிறிய தொகை அன்று. ஆனாலும் மக்கள் விரும்பினார்கள். கம்பி வழியாக வந்ததால் இரைச்சல் இல்லை. அலைவரிசை தேட வேண்டியதில்லை. குமிழைத் திருகினால் போதும். வசதி இல்லாதவர்கள் காப்பிக் கடைகளில் உட்கார்ந்து கேட்டார்கள். அந்தச் சேவை 2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் நின்றுபோனது.

மாதச் சந்தா என்பது ஒரு வகையில் நிம்மதி. பிடிக்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம். சொந்தமாக விலை கொடுத்து வாங்கும் காலம் வந்தபோதுதான் நம் குடும்பங்களுக்குப் புதிய கவலை ஒன்று வந்து சேர்ந்தது.

சமூக மன்றத்திலிருந்து வரவேற்பறைக்கு

1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி, விக்டோரியா நினைவு மண்டபத்தில் அன்றைய கலாசார அமைச்சர் திரு. சி. ராஜரத்தினம் சிங்கப்பூரின் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கி வைத்தார். முதல் நாள் ஒளிபரப்பு ஒரு மணி 40 நிமிடம் நீடித்தது. அப்போது சொந்தமாகப் பெட்டி வைத்திருந்தவை ஏறத்தாழ 2,400 குடும்பங்கள்தாம். மற்றவர்கள் சமூக மன்றங்களில் கூடினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி கோலாலம்பூரிலும் தொலைக்காட்சி வந்தது. மலேசியத் தோட்டங்களில் மின்சாரம் இரவில் சில மணி நேரமே இருந்த காலம் அது. கார் பேட்டரியை இணைத்துப் படம் பார்த்த கதைகளை நம் உறவினர்கள் இன்றும் சொல்வார்கள்.

சமூக மன்றத்துப் பெட்டி கெட்டுப்போனால் எல்லாரும் சேர்ந்து முணுமுணுப்போம். பிறகு மன்றத்தார் சரி செய்துவிடுவார்கள். வீட்டுப் பெட்டி கெட்டுப்போனால் அது வீட்டுத் தலைவரின் பிரச்சினை.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் தந்தையார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கம்பத்து வீட்டிலிருந்து தோ பாயோ அடுக்குமாடிக்கு நாங்கள் மாறிய பிறகு, 1973இல் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியை 24 மாதத் தவணையில் வாங்கினார். மரக்கூடு, நான்கு கால்கள், முன்னால் இழுத்து மூடும் கதவு. பொங்கலுக்குப் புதுத்துணி எடுத்த மகிழ்ச்சியைவிட அது பெரிதாக இருந்தது. அண்டை வீட்டு மலாய்க்காரப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். தமிழ் நிகழ்ச்சி வரும் நாளில் அம்மா சீக்கிரமே சமைத்து முடித்துவிடுவார்.

பதினாறாவது மாதம் பெட்டி இருண்டது. சத்தம் வந்தது, படம் வரவில்லை. அப்பா வாங்கிய கடைக்குப் போனார். படக்குழாய் போய்விட்டது என்றார்கள். ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் விலை கூடிய உறுப்பே அந்தப் படக்குழாய்தான். "இடி இடித்தபோது பெட்டியைப் போட்டிருப்பீர்கள்" என்று கடைக்காரர் சொன்னார். அப்பா பதில் பேசாமல் திரும்பி வந்தார்.

அதன்பிறகு எட்டு மாதங்கள், படம் வராத பெட்டிக்கு அப்பா தவணை கட்டினார். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. பெட்டியின் கதவை மூடி, மேலே அம்மா பின்னிய விரிப்பைப் போட்டு, அதன்மேல் பூச்சாடி வைத்தார்கள். விருந்தினர் கேட்டால், "இன்றைக்கு ஒன்றும் நல்ல நிகழ்ச்சி இல்லை" என்பார் அப்பா. 1974ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம் சிங்கப்பூரில் முதன்முதலாக வண்ணத்தில் நேரடியாக ஒளிபரப்பானது. ஊரே வண்ணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலோ கறுப்பு வெள்ளைகூட இல்லை.

ஒப்பந்தத்தில் இருந்தது என்ன?

தவணை முறையின் இயல்பை நாம் புரிந்துகொள்ள வேண்டும். கடைசித் தவணை கட்டும்வரை பொருள் சட்டப்படி விற்றவருக்கே சொந்தம். வாங்கியவர் அதை வாடகைக்கு வைத்திருப்பவர் போல. தவணை தவறினால் திரும்ப எடுத்துச் செல்ல வழி உண்டு. மலேசியாவில் 1967ஆம் ஆண்டும் சிங்கப்பூரில் 1969ஆம் ஆண்டும் தவணைமுறைக் கொள்முதலுக்கெனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றில் வாங்குபவருக்கும் சில பாதுகாப்புகள் இருந்தன.

ஆனால், சட்டம் இருப்பது வேறு, அது நமக்குத் தெரிந்திருப்பது வேறு. என் தந்தையார் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. அவருக்குத் தெரிந்த ஒரே விதி, 'வாங்கிய கடனைக் கட்ட வேண்டும்' என்பது. அது நல்ல விதிதான். ஆனால், 'விற்ற பொருள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும்' என்ற இன்னொரு விதியும் உண்டு என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் நம்மைக் காப்பாற்றியவர்கள் பழுதுபார்ப்பவர்கள். கடைவீடுகளின் அஞ்சடியில், சூட்டுக்கோலும் ஈயக்கம்பியுமாக உட்கார்ந்திருப்பார்கள். பெட்டியின் முதுகைத் திறந்து, எரிந்த வால்வைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவார்கள். பழைய உதிரிப் பாகங்களுக்குச் சுங்கை ரோடு சந்தை இருந்தது. அந்தச் சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் மூடப்பட்டது. அங்கே வாங்கிய பழைய படக்குழாய் ஒன்றால்தான் எங்கள் பெட்டியும் ஒருநாள் மீண்டும் ஒளிர்ந்தது. அதற்குள் தவணை முடிந்துவிட்டது.

ஒளிநாடாக் காலத்து ஏமாற்றங்கள்

1980களில் ஒளிநாடாக் கருவி வந்தது. தமிழ்ப்படம் பார்க்கத் திரையரங்கு போக வேண்டியதில்லை, கடையில் நாடா வாடகைக்கு எடுத்தால் போதும் என்ற நிலை. இதில் ஒரு பெரிய குழப்பம். பீட்டாமேக்ஸ் என்று ஒரு வகை, விஎச்எஸ் என்று இன்னொரு வகை. ஒன்றின் நாடா மற்றொன்றில் நுழையாது. என் சித்தப்பா படம் துல்லியமாக இருக்கும் என்று பீட்டாமேக்ஸ் வாங்கினார். ஓரிரு ஆண்டுகளில் வாடகைக் கடையின் அடுக்குகளில் விஎச்எஸ் நாடாக்களே நிறைந்தன. புதுப்படம் வந்திருக்கிறதா என்று கேட்டால், "உங்கள் கருவிக்கு இல்லை" என்று பதில் வரும். 1988இல் பீட்டாமேக்ஸை உருவாக்கிய சோனியே விஎச்எஸ் கருவிகளைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. கருவி கெட்டுப்போகவில்லை, காலம் அதைக் கைவிட்டது. இது புதுவகை நட்டம்.

விஎச்எஸ் வாங்கியவர்களும் நிம்மதியாக இல்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். அது கருவியின் தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டால், அடுத்துப் போடும் நாடாவும் பாழ். எத்தனை குடும்பங்களின் திருமண ஒளிநாடாக்கள் இப்படிப் போயின என்பதற்குக் கணக்கே இல்லை. எங்கள் அக்காளின் தாலி கட்டும் காட்சியில் இன்றும் பாதித் திரை வரிவரியாகத்தான் தெரியும்.

குறைகேட்க ஓர் இடம்

நேயர்களே, 'பயனீட்டாளர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 'நுகர்வோர்' என்பார்கள். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களாகிய நாம் 'பயனீட்டாளர்' என்கிறோம். பொருளின் பயனைப் பெற உரிமை உள்ளவர் என்ற கருத்து அந்தச் சொல்லிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றும். மலேசியாவில் இந்தச் சொல்லுக்கு உயிர்கொடுத்தவர்களில் முதன்மையானது பினாங்குப் பயனீட்டாளர் சங்கம். தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த திரு. எஸ்.எம். முகமது இத்ரீஸ், 2019இல் மறையும்வரை பல பத்தாண்டுகள் அதை வழிநடத்தினார். சிங்கப்பூரில் 1971ஆம் ஆண்டு பயனீட்டாளர் சங்கம் அமைந்தது.

1985ஆம் ஆண்டு சிங்கப்பூரில் சிறு வழக்குத் தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கியது. அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது. கடைக்காரரும் வாங்கியவரும் நேருக்கு நேர் பேச வேண்டும். 2004இல் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக)ச் சட்டம் நடப்புக்கு வந்தது. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதியிலிருந்து 'லெமன் சட்டம்' என்று மக்கள் அழைக்கும் விதிகள் அதனுடன் சேர்ந்தன. மலேசியா 1999இலேயே பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தையும் அதற்கான தீர்ப்பாயத்தையும் ஏற்படுத்தியது.

லெமன் சட்டம் என்ன சொல்கிறது? பொருளை ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அந்தக் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது. முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது நியாயமான காலத்தில் நடக்கவில்லை என்றால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் இது பொருந்தும். ஆனால், மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பிக் கொடுக்க முடியாது. நாமே கீழே போட்டு உடைத்திருந்தாலும் முடியாது.

இதில் பெரிய மாற்றம் பணம் அன்று. "நீங்கள்தான் கெடுத்திருப்பீர்கள்" என்ற அந்த ஒரு வாக்கியத்தின் பலம் குறைந்துவிட்டது. என் தந்தையாரின் பெட்டி பதினாறாவது மாதத்தில் கெட்டது. ஆகவே, இன்றைய ஆறு மாத விதிகூட அவருக்கு நேரடியாக உதவியிருக்காது. ஆனாலும், தலைகுனிந்து திரும்பாமல் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்.

அம்மாவின் அறை

கடைசியாக ஒன்று. பழுதாகாமலே பொருள்கள் நின்றுபோகும் காலத்தில் நாம் வாழ்கிறோம். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி சிங்கப்பூரில் 2ஜி சேவை நிறுத்தப்பட்டது. நல்ல நிலையில் இருந்த பழைய கைத்தொலைபேசிகள் ஊமையாகின. 2024இல் 3ஜி சேவைக்கும் அதே கதி. தொலைக்காட்சியும் இதற்கு விலக்கில்லை. 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்று, முழுவதும் மின்னிலக்க ஒளிபரப்பானது. மலேசியாவிலும் அதே ஆண்டு அந்த மாற்றம் நிறைவுபெற்றது.

அறிவிப்புகள் பல மாதங்களாக வந்தன. அரசாங்க உதவியும் இருந்தது. நாங்களும் வரவேற்பறைத் தொலைக்காட்சிக்கு மின்னிலக்கப் பெட்டியைப் பொருத்திவிட்டோம். ஆனால், அம்மாவின் அறையில் இருந்த சின்னப் பழைய பெட்டியை எல்லாரும் மறந்துவிட்டோம். அதில்தான் அவர் வசந்தத்தில் செய்தி பார்ப்பார். அந்த வாரத்தில் ஒருநாள் போனபோது அம்மா கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தார். பெட்டியின்மேல் ஒரு துண்டு விரித்து மூடியிருந்தது. "செய்தி பார்க்கவில்லையா?" என்று கேட்டேன். "இப்பொழுதெல்லாம் ஒன்றும் நல்ல நிகழ்ச்சி இல்லை" என்றார்.

அந்தப் பதிலை நான் 45 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறேன்.

துண்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். திரை முழுவதும் புள்ளிகள். அம்மா மெதுவாகச் சொன்னார்: "ஏதோ பொத்தானை மாற்றி அழுத்திவிட்டேன்போல. உங்களுக்கு வீண் செலவு என்று சொல்லவில்லை." மூன்று நாளாகத் தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் எதையும் கெடுக்கவில்லை. பெட்டியிலும் கோளாறு இல்லை. ஒளிபரப்பு மாறியிருந்தது, அவ்வளவுதான்.

நேயர்களே, இயந்திரம் நின்றால் இழப்பைப் பணத்தால் மட்டும் அளக்கிறோம். அது தன் தவறு என்று நினைத்து வாய் திறக்காமல் இருக்கும் மனிதரின் இழப்பு எந்த ரசீதிலும் வராது. சட்டங்கள் நமக்கு வந்துவிட்டன. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், குறையைத் தாமதிக்காமல் கேளுங்கள், தீர்ப்பாயத்தைப் பயன்படுத்துங்கள். ஆனால், வீட்டுக்குள் நடப்பதற்குச் சட்டம் உதவாது. இந்த வார இறுதியில் உங்கள் தாய் தந்தையர், தாத்தா பாட்டியின் அறைக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். துணி போட்டு மூடிய பெட்டி ஏதாவது இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். "இது உங்கள் தவறில்லை" என்று அவர்களிடம் சொல்லுங்கள். என் தந்தையாரிடம் அதைச் சொல்லும் வயது அன்று எனக்கு இல்லை.