குசினியிலிருந்து கேட்ட கதையும் கதிரையிலிருந்து பார்த்த கதையும்

நுகேகொடையில் குடியிருக்கும் தமிழருக்கு இரண்டு விதமான இரசிகர்களின் கதை காதில் விழும். அயலில் சிங்கள வீடுகள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர். அயல்வீட்டு நடுவயதுக்காரர் பழைய தொலைநாடகங்களை நினைக்கத் தொடங்கினால் முதலில் வருவது ஒரு முகம், ஒரு வீட்டு முற்றம், ஆரம்பப் பாட்டு. வெள்ளவத்தை மாமிமார் சென்னைத் தொடரான ‘மெட்டி ஒலி’யை எடுத்தால், யார் யாரிடம் என்ன சொன்னார், அதற்கு இவள் என்ன திருப்பிச் சொன்னாள் என்றுதான் கதை ஓடும். மாமியார் ராஜத்தின் குத்தல் பேச்சை இருபது வருடத்துக்குப் பிறகும் அதே இழுவையோடு பேசிக் காட்டக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அப்போது ராஜம் எங்கே நின்றார், என்ன சேலை கட்டியிருந்தார் என்று கேட்டால் பதில் வராது.

‘சிங்களவருக்குக் கலை, எங்களுக்கு அழுகை’ என்று இதைச் சுருக்கிவிடும் வழக்கம் கொழும்பின் படித்த தமிழரிடையே நெடுநாளாக உண்டு. அதில் பாதி சோம்பல், பாதி தாழ்வுணர்ச்சி. இரண்டு இரசிகர்களும் இரண்டு விதமாக நினைவுகூருவதற்குக் காரணம் இரசனையின் தரம் அல்ல. அந்தக் கதைகள் வெவ்வேறு புலனுக்காக எழுதப்பட்டவை என்பதே என் கட்சி. சிங்களத் தொலைநாடகம் சினிமாவிலிருந்தும் நாவலிலிருந்தும் வந்தது. சென்னையின் மெகா தொடர், தான் அறிந்தோ அறியாமலோ, வானொலியின் வழி வந்தது.

சிங்களப் பக்கத்தை முதலில் பார்ப்போம். ஹைலெவல் வீதியில் மகரகமவைத் தாண்டினால் வரும் பன்னிபிட்டியவில்தான் 1979 ஏப்ரல் 13 அன்று சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் வந்தது. முதல் சிங்களத் தொலைநாடகம் எனப்படும் ‘திமுத்து முத்து’வை எடுத்த டி. பி. நிஹால்சிங்க ஒளிப்பதிவாளர், திரைப்பட இயக்குநர். ‘கங்குலென் எகொடட்ட’, ‘கடுல்ல’ ஆகியவற்றை எடுத்த தர்மசேன பத்திராஜவும் சினிமாக்காரர். யாழ்ப்பாணத்தைக் களமாக வைத்து ‘பொன்மணி’ என்ற தமிழ்ப் படத்தை எடுத்தவர் இவர்தான் என்பதை எங்கள் ஆட்களில் பலர் மறந்துவிட்டார்கள். இப்படிப்பட்டவர்கள் சின்னத்திரைக்கு வந்தபோது தங்கள் கண்ணையும் கொண்டுவந்தார்கள். ஒருவர் வயல் வரம்பில் நடந்து வருவார். யாரும் எதுவும் பேசமாட்டார்கள். அந்த நடையில்தான் விஷயம் இருக்கும். குசினிக்குப் போய் ஒரு கேத்தல் தண்ணீர் வைத்துவிட்டு வந்தால் கதை கைவிட்டுப் போயிருக்கும். ஆகவே கதிரையில் இருந்துதான் பார்க்கவேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் அரை மணித்தியாலம் என்பதால் அது பெரிய சுமையாக இருக்கவில்லை.

வாரத்துக்கு ஒன்று என்பதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இடையில் கிடைத்த ஆறு நாளும் இரசிகருடையவை. எண்பதுகளில் நாட்டில் இருந்தவை இரண்டே அலைவரிசைகள். முதல் நாள் இரவு பார்த்ததை அடுத்த நாள் 138 பஸ்ஸிலும் கந்தோரிலும் எல்லோரும் கதைப்பார்கள். முன்கதைச் சுருக்கம் திரையில் தேவைப்படவில்லை. அதைச் சனமே சொல்லிக்கொண்டது. எழுத்தாளர் இதை நம்பி நிறையச் சொல்லாமல் விடலாம். ‘யசோராவய’ எழுதிய சோமவீர சேனாநாயக்க போன்றவர்கள் பாத்திரங்களை அவசரப்படுத்தாமல் விட்டதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

இனி சென்னை. ‘சித்தி’ 1999 டிசம்பரில் சன் தொலைக்காட்சியில் தொடங்கி 2001 நவம்பரில், 467 அத்தியாயங்களில் முடிந்தது. ‘மெட்டி ஒலி’ 2002 முதல் 2005 வரை 811. ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1,500ஐத் தாண்டியது. வாரத்தில் ஐந்து நாள். ஐந்து நாளும் குறித்த நேரத்துக்குக் கதிரையில் வந்து உட்காரக்கூடிய குடும்பப் பெண் உலகத்தில் எங்கும் இல்லை. இரவுச் சாப்பாடு அடுப்பில் இருக்கும்; பிள்ளைக்கு வீட்டுப்பாடம் இருக்கும். ஆகவே கதை குசினிக்கு வரவேண்டும், அதாவது காதுக்கு வரவேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ‘மெட்டி ஒலி’யைத் திரும்பப் பார்த்தால், கேலிக்கு ஆளான எல்லாம் வேறு விதமாகத் தெரியும். பாத்திரங்கள் ஒருவரையொருவர் முழு உறவுமுறையோடு சொல்வார்கள்: இன்னாருடைய அக்கா, இன்னாருடைய மாமியார், இன்ன வீட்டு மருமகள். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருப்பவருக்கு யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று அதனால்தான் விளங்கும். ஒரு சம்பவம் மூன்று தடவை வரும். முதலில் நடக்கும், பிறகு ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்வாள், பிறகு தெரியக்கூடாத ஆளுக்குத் தெரியவரும். மூன்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் கதை தப்பாது. கெட்ட செய்திக்கு முன் ஒரு இசை எழும்பும். அதுதான் குசினியில் இருப்பவரைக் கூப்பிடும் மணி. அவர் ஓடிவந்து பார்க்கிற நேரத்துக்குத்தான் ஒவ்வொரு முகமாகக் கிட்டக் காட்டுவார்கள். ‘ஒரு அதிர்ச்சிக்கு ஒன்பது முகமா’ என்று நாங்கள் சிரித்தோமே, அந்த ஒன்பது முகமும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வருபவருக்காகக் காத்து நின்றவை.

இது அமெரிக்காவில் முன்னமே நடந்து முடிந்த கதை. 1930இல் சிக்காகோ வானொலியில் ‘பெயின்ரட் ட்ரீம்ஸ்’ தொடரை எழுதிய இர்னா பிலிப்ஸ், பகலில் வீட்டுவேலை செய்துகொண்டே கேட்கும் பெண்களுக்காக எழுதினார். சவர்க்காரக் கம்பனிகள் காசு போட்டன. சவர்க்காரத்தின் பெயரே அந்த நாடக வகைக்கும் ஒட்டிக்கொண்டது. அவருடைய ‘கைடிங் லைட்’ 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு மாறி, 2009 செப்டெம்பரில்தான் நின்றது. படம் வந்த பிறகும் நெடுங்காலம் அது பதினைந்து நிமிட வானொலி நாடகத்தின் பழக்கத்தையே வைத்திருந்தது: இரண்டு பேர், ஒரு மேசை, நீளமான பேச்சு. பிலிப்ஸுக்குச் சென்னை தெரியாது. ‘மெட்டி ஒலி’யை இயக்கிய திருமுருகன் பிலிப்ஸைப் படித்திருக்கத் தேவையில்லை. ஒரே நிலைமை ஒரே மாதிரிக் கைவேலையைக் கற்பித்திருக்கிறது.

இரண்டு கிழவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் வாதம் இன்னும் விளங்கும். தொண்ணூறுகளில் நளன் மெண்டிஸ் இயக்கிய ‘தூ தருவோ’வில் ஹென்றி ஜயசேன ஏற்றது ‘சுது சீயா’ என்ற தாத்தா பாத்திரம். ‘மெட்டி ஒலி’யில் டெல்லி குமார் ஏற்றது சிதம்பரம், தாயில்லாத ஐந்து பெண்களின் தகப்பன். ஜயசேன பெரிய நாடகக்காரர். பிரெக்டைத் தழுவி ‘ஹுணுவட்டயே கதாவ’வை மேடையேற்றியவர். மேடையில் அவ்வளவு பெரிய குரல் வைத்திருந்தவர் சின்னத்திரையில் அதை அடக்கிக்கொண்டார். நாங்கள் நினைவு வைத்திருப்பது அவருடைய இருப்பைத்தான். வீட்டில் சண்டை நடக்கும்போது ஒரு பக்கத்தில் அவர் இருக்கிறார் என்பதே ஒரு நியாயமாக இருந்தது.

சிதம்பரத்தால் அப்படிச் சும்மா இருக்கமுடியாது. ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்ற பழமொழியை 811 அத்தியாயங்களுக்கு நடித்துக் காட்டவேண்டியவர் அவர். ஒரு மகள் வீட்டில் பட்ட அவமானத்தை இன்னொரு மகளிடம் சொல்லவேண்டும், மூன்றாமவளிடம் மறைக்கவேண்டும், சம்பந்தி வீட்டில் கெஞ்சவேண்டும். வாயால் சொன்னால்தான் கதை நகரும். டெல்லி குமார் மிகையாக நடித்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய குரல் தளர்வதும் இடறுவதும் குசினிவரை கேட்டது. கொலை, ஆள்கடத்தல், விஷம் என்று பிற்காலத் தொடர்கள் போன வழிக்கு ‘மெட்டி ஒலி’ அனேகமாகப் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மகள் சரோஜாவை மாமியார் குத்திக்காட்டுவது, அவள் கணவன் மாணிக்கம் தாய்க்கும் மனைவிக்கும் நடுவில் வாயடைத்து நிற்பது, இவ்வளவுதான். சீர்வரிசைக் கணக்கில் எழும் சின்னச் சின்ன அவமானங்களை இவ்வளவு பொறுமையாகப் பதிந்த இன்னொரு தமிழ்த் தொடரை நான் பார்க்கவில்லை. வெள்ளவத்தை மாமிமார் சிதம்பரத்தைப் பற்றி நடிகரைப் போலக் கதைக்கமாட்டார்கள். ‘பாவம் அந்த மனுசன், ரண்டாவதை அந்த வீட்டில குடுத்திருக்கக்கூடாது’ என்பார்கள்.

கண், காது என்ற இந்தப் பிரிப்பை இனத்தின் மேல் ஏற்றினால் அது உடனே உடையும். சுயாதீனத் தொலைக்காட்சியில் 1987இல் தொடங்கி வாராவாரம் ஓடிய ‘கோபி கடே’யைப் பாருங்கள். ஊர்க் கோப்பிக்கடையில் நாலு பேர் கூடிப் பேசுவதுதான் கதை; கண்ணை மூடிக்கொண்டும் இரசிக்கலாம். அப்போது அந்த நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த தெவிஸ் குருகே, இலங்கை வானொலியில் வளர்ந்தவர். 1989 ஜூலையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார், கோப்பிக்கடை நிற்கவில்லை. கண்ணுக்காக எடுத்த தொலைநாடகங்கள் முடிந்து நினைவாகிவிட, காதுக்கான நாடகம் பல தசாப்தம் ஓடியது. மறுபுறம், தமிழில் கே. பாலசந்தரின் ‘ரயில் சிநேகம்’ தூர்தர்ஷனில் சில வாரங்களில் முடிந்த கதை. நாகாவின் ‘மர்மதேசம்’ வாரமொருமுறை வந்து, இருட்டையும் மௌனத்தையும் வைத்தே பயமுறுத்தியது. அதைக் குசினியிலிருந்து கேட்டுப் பயனில்லை.

என் வாதத்துக்கு உண்மையான இடைஞ்சல் ‘ஒஷின்’. ஜப்பானின் என்எச்கே 1983–84இல் காலைவேளைகளில், பதினைந்து நிமிடம் பதினைந்து நிமிடமாக 297 அத்தியாயங்கள் ஒளிபரப்பிய தொடர் அது. சிங்களக் குரலோடு இங்கும் வந்து, தமிழ் வீடுகளும் பார்த்து அழுதன. நாள்தோறும் வரும் கதை. ஆனால் ஒரு வருடத்தில் முடியும் என்பது தொடங்கும்போதே தெரிந்த கதை. பனியில் நடக்கும் சிறுமியின் முகமும் உண்டு, குசினிக்குக் கேட்கும் பேச்சும் உண்டு. ஆகவே தினமும் வருவது மட்டும் கதையை இழுபடச் செய்யாது. எப்போது முடிப்பது என்று யார் தீர்மானிக்கிறார் என்பதும் இருக்கிறது. ஜப்பானில் அதை நிலையத்தின் நாட்காட்டி தீர்மானித்தது. சென்னையில் நெடுங்காலம் தயாரிப்பாளர் நேரத்தைக் காசு கொடுத்து எடுத்து, விளம்பரத்தைத் தானே விற்று இலாபம் பார்க்கவேண்டியிருந்தது. விளம்பரம் வரும்வரை கலியாணம் நிற்கும், கர்ப்பம் கலையும், இறந்தவர் திரும்புவார். ‘கோலங்கள்’ அபி–ஆதி பகை அத்தனை வருடம் நீண்டதை எழுத்தாளரின் குறையாக மட்டும் பார்ப்பது அநியாயம்.

கொழும்புத் தமிழர் சென்னைத் தொடருக்கு இவ்வளவு சீக்கிரம் பழகியதன் காரணமும் இந்தக் காதுதான். எங்கள் வீடுகளில் தொடர்கதை என்றால் வானொலி. சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ எழுபதுகளில் வர்த்தக சேவையில் வாராவாரம் போனபோது வேலையை நிறுத்திக் கேட்டவர்கள் இருந்தார்கள். அங்கே சவர்க்காரம் காசு போட்டது போல, இங்கே மக்கள் வங்கி போட்டது. ‘கோமாளிகளின் கும்மாளம்’ வானொலி நாடகத்தின் மரிக்காரும் அப்புக்குட்டியும் குரலாலேயே மனிதரானவர்கள். அந்தக் குரல்களின் பலத்தில்தான் 1976இல் ‘கோமாளிகள்’ படமே வந்தது. குரலால் கதை சொல்லும் ஆட்கள் இவ்வளவு பேர் இருந்தும், எங்கள் பேச்சில் ஒரு நீண்ட தொலைக்காட்சித் தொடர் நிலைத்து நிற்கவில்லை. 1983 இனக்கலவரம் பலரைக் கடல் கடத்தியது. மிஞ்சியவர்களுக்கு வசதியும் விளம்பரச் சந்தையும் இல்லை. பழகிய காது வெறுமையாக இருந்தது; சென்னை வந்து நிரப்பியது. சிங்களத் தொலைநாடகத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டியது உண்மையில் அந்த எழுதப்படாத தொடர்தான்.

எது சிறந்தது என்று கேட்டால், கட்டுக்கோப்பில் எனக்குப் பழைய தொலைநாடகம்தான். ‘மெட்டி ஒலி’யில் நானே வெட்டி எறியக்கூடிய மாதங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு குடும்பத்தில் துன்பம் எப்படிச் செய்தியாகப் பரவுகிறது, யாரிடம் சொல்லப்படுகிறது, யாரிடம் மறைக்கப்படுகிறது என்பதில் மெகா தொடருக்கு இருந்த நுட்பம் தொலைநாடகத்துக்கு வாய்க்கவில்லை. அதை அழுகை என்று ஒதுக்கியவர்கள் கதிரையிலிருந்து பார்த்தவர்கள்.

உள்ளூர்த் தொலைநாடகத்தைக் காப்பதற்கென்று வெளிநாட்டுத் தொடர்கள் மேல் 2006இல் வரி போட்டார்கள். அதன் பிறகு சில வருடங்களுக்குள் ‘பபா’ போன்ற சிங்களத் தொடர்களே நாள்தோறும் ஓடத் தொடங்கின. உறவுமுறையும் உரக்கச் சொல்லப்பட்டது, முகங்களும் வரிசையாக வந்தன. இப்போது நுகேகொடை அயலிலும் இரவு எட்டு மணிக்குப் பின் தொலைக்காட்சி குசினிக்குக் கேட்கும் சத்தத்தில்தான் இருக்கிறது. தெரண அலைவரிசையில் 2017இல் தொடங்கிய ‘தெவெனி இனிம’ ஆயிரம் அத்தியாயங்களைத் தாண்டியது. ‘மெட்டி ஒலி’ 811இல் முடிந்துவிட்டது.