களத்துமேட்டுக் கொள்முதலும் 45 நாள் சட்டமும்

2020 மார்ச் மாத ஊரடங்கில் லாரிகள் நின்றபோது, தொலைதூர மூலப்பொருளை நம்பிய சிறுதொழில்கள் நாடெங்கும் தடுமாறின. உள்ளூரிலேயே வாங்குங்கள் என்ற அறிவுரை அதன்பின் வலுத்தது. காவிரி டெல்டாவின் சிறிய அரிசி, அவல், மாவு ஆலைகளுக்கு இது எளிதாகத் தோன்றும். நெல் கண்ணெதிரே விளைகிறது. ஆனால் அதை வாங்க அறுவடை நாளில் கையில் பணமும், வாங்கியதற்குத் தாளும் வேண்டும்.

நெல் யாரிடம் உள்ளது?

கூலி உயர்வுப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட மண் இது. இன்றும் தலித் உழவர் பலர் வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுகின்றனர். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல் கேட்கப்படும். பெயரில் ஆவணம் இல்லாதவர், முன்பணம் கொடுத்த வியாபாரி சொல்லும் விலைக்கே விற்க நேர்கிறது. அவரிடம் எடைச்சீட்டுடன், நியாய விலையில், உடனே பணம் கொடுத்து வாங்கும் ஆலையை அவர் அடுத்த பருவமும் தேடி வருவார். குத்தகையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைகள் பதிவேட்டுச் சட்டம் வழி தருகிறது.

உள்ளூர் என்பது ஒரே வாய்க்கால் ஆகிவிடவும் கூடாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்பட வேண்டும். 2024இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தது. ஆற்றுப்பாசன ஊர்களோடு ஆழ்துளைக் கிணற்றுப் பாசன ஊர்களிலும் கொள்முதலைப் பிரித்து வைப்பதே பாதுகாப்பு.

பணம் எங்கே நிற்கிறது?

பெரிய நிறுவனங்களுக்குக் கடனில் சரக்கு அனுப்பிவிட்டு, நிலுவைக்காகக் காத்திருக்கும் ஆலையால் களத்துமேட்டில் பணம் எண்ண முடியாது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம், 2006 இங்கு உதவும். குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது பிரிவு 15; எழுத்துவழி ஒப்பந்தம் இல்லையெனில் கெடு 15 நாள்களே. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு (பிரிவு 16). பிரிவு 18இன்கீழ் வசதியாக்க மன்றத்தை அணுகலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் வாங்குநர், தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்டவேண்டும் (பிரிவு 19). இவற்றைப் பெற, சரக்கு விற்கும் முன்பே உத்யம் பதிவு இருப்பது நல்லது, அதற்குக் கட்டணமில்லை.

ஒன்றிய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கவேண்டும். அதில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு உரியது. மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு முதலீட்டு மானியம் தருகிறது.

ஒரு குறை மீதமிருக்கிறது. இந்த 45 நாள் பாதுகாப்பு பதிவு பெற்ற ஆலைக்கு உண்டு. அதற்கு நெல் தரும் குத்தகை உழவருக்கு இல்லை. அவருக்கும் கெடுவையும் வட்டியையும் எழுதித் தரும் ஒப்பந்தத்தை ஆலைகளே முன்வந்து போடவேண்டும். தலித் தொழில்முனைவோரின் ஆலைகள் அதைத் தொடங்கிவைக்கட்டும்.