டாவோசும் நம்ம மதனப்பள்ளியும்

ஜனவரி வந்தால் டாவோஸ் பெயர் பேப்பரில் அடிபடும். 1971 முதல் உலகப் பொருளாதார மன்றம் கூடுகிற சுவிஸ் மலையூர். எங்களை மாதிரி பேங்க்காரர்களுக்கு அது இன்னொரு திருப்பதி! ஆனால் அந்த ஊருக்கு முதலில் ஆள் கொண்டுவந்தது பணமும் இல்லை, பனிச்சறுக்கும் இல்லை. காசநோய்.

மாடு வளர்த்துப் பிழைத்த ஊர், 5,000 அடி உயரம். ஜெர்மனியிலிருந்து அரசியல் காரணமாக ஓடிவந்த அலெக்சாண்டர் ஸ்பெங்லர் 1853ல் அங்கே டாக்டராகச் சேர்ந்தார். மலைவாசிகளுக்குக் காசநோய் அரிது என்று அவருக்குப் பட்டது. 1865 குளிர்காலத்தில் நோயாளிகள் இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் ஐரோப்பாவே வந்தது. வெயில் பார்த்த பால்கனி, கம்பளி, மணிக்கணக்கில் படுக்கை... இதுதான் வைத்தியம். ஸ்டீவன்சன் 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவலை முடித்தது இங்கே சிகிச்சைக்கு வந்தபோதுதான்.

இப்போது நம்ம சித்தூர்ப் பக்கம். மதனப்பள்ளிக்கு மேலே 4,000 அடிக்கு மேல் ஒரு மலை. ஜனங்களுக்கு அது ஏனுகு மல்லம்மா கொண்டா. யானைகள் வளர்த்த பெண் என்று கதை. 1870 வாக்கில் கடப்பா கலெக்டர் ஹார்ஸ்லி வெயிலுக்குப் பயந்து அங்கே பங்களா கட்ட, ஹார்ஸ்லி ஹில்ஸ் ஆகிவிட்டது. மல்லம்மாவுக்குச் சிபாரிசு செய்ய ஆளில்லை!

துரைமார் மேலே போனார்கள். நோயாளிகளுக்கு இடம் கீழே கிடைத்தது. கிறிஸ்தவ மிஷன்கள் பல சேர்ந்து நடத்திய காசநோய் சானடோரியம் 1915ல் மதனப்பள்ளி அருகே வந்தது. ஊர்ப் பெயரே ஆரோக்கியவரம். டென்மார்க் டாக்டர் ஃப்ரிமோட் மொல்லர் வெகுகாலம் நடத்தினார். வறண்ட காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு. டாவோஸ் வைத்தியமேதான்.

ஆனால் கணக்கு பாருங்கள். சம்பாதிக்கிற ஆள் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியுமா? அதுவும் எத்தனை பேருக்குக் கட்டில் கிடைக்கும்?

1940களில் மருந்துகள் வந்தன. டாவோஸ் கட்டில்கள் காலியாகத் தொடங்கின. நம்ம ஊர்க் கேள்வி வேறு: நெரிசலான வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டில் மருந்து மட்டும் வேலை செய்யுமா? 1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் இதைச் சோதித்தது. 193 ஏழை நோயாளிகள். பாதிப்பேர் வீட்டில், மீதிப்பேர் சானடோரியத்தில், ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959ல் முடிவு வெளிவந்தது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்தவர்களுக்கும் அதிகமாகத் தொற்றவில்லை. சிகிச்சையை வீட்டிலேயே கொடுக்கலாம் என்று உலகம் முழுக்க நம்பிக்கை வந்தது இதற்குப் பிறகுதான்.

டாவோசுக்கு நஷ்டமில்லை. 1934லேயே அங்கே பனிச்சறுக்கு லிஃப்ட் இருந்தது. 1900ல் திறந்த ஷாட்ஸால்ப் சானடோரியம் 1950களில் ஹோட்டலாகிவிட்டது. ஆரோக்கியவரம் எல்லா நோய்க்குமான ஆஸ்பத்திரியாகத் தொடர்கிறது. ஹார்ஸ்லி ஹில்ஸுக்கு இன்றும் ஜனங்கள் குளிர்ந்த காற்று வாங்கத்தான் போகிறார்கள்.