நாவலர் கண்ட பள்ளிக்கூடம்

1840களில் யாழ்ப்பாணத்திலே ஆங்கிலக் கல்வி வேண்டிய சைவப் பிள்ளை மிஷன் பாடசாலையையே நாடவேண்டியிருந்தது. அங்கே கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கும் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்.

அவர் பழைய திண்ணைப் பள்ளியை மீளக் கட்டவில்லை என்பதையே நாம் முதலில் நோக்கவேண்டும். வகுப்புப் பிரிவும் அச்சிட்ட பாடநூலும் பாதிரிமாரிடம் கண்டவை. உட்பொருள் மட்டும் நம்முடையது. அதற்காகவே 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். பாலபாடங்கள் பிறந்தன. கடவுள் வழிபாட்டைப் போதிக்கும் அந்நூல்களிலே களவும் கள்ளுண்ணலும் கடியப்படுகின்றன. வசனமோ பதம் பிரித்து, சிறுவரும் வாசிக்கத்தக்கது. பொருள் முடைப்பட்டபோது வீடுதோறும் பிடியரிசி திரட்டப்பட்டது. உலையிடுமுன் ஒரு பிடி எடுத்துவைத்த தாய்மாரின் பெயர்களைச் சரித்திரம் குறித்துவைக்கவில்லை.

ஒன்றை நாம் மறைத்தலாகாது. நாவலர் சாதியாசாரத்தை விடாது போற்றியவர்; ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் படலை திறக்கவில்லை. நம் பண்பாடு பள்ளிக்குள் வந்தது. நம்மவர் எல்லாரும் வரவில்லை. எண்பது ஆண்டு கடந்தும், சம ஆசனத்தை எதிர்த்து 1930இல் பாடசாலைகள் கொளுத்தப்பட்டது இதே யாழ்ப்பாணத்திலேதான்.