விழுந்த குதிரையின் கணக்கு: தடைதாண்டும் பந்தயங்களில் முன்கணிப்பு வளர்ந்த விதம்

தடைதாண்டும் பந்தயத்தில் ஓடும் ஒரு குதிரையின் முந்தைய ஓட்டக் குறிப்பை எடுத்துப் பார்த்தால், இடங்களைக் காட்டும் எண்களுக்கு நடுவே தனி எழுத்துகள் நிற்கும். விழுந்தது, ஜாக்கியைத் தள்ளியது, தாண்ட மறுத்தது, பாதியில் நிறுத்தப்பட்டது, வேறொரு குதிரை குறுக்கே விழுந்ததால் வீழ்ந்தது என ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. கிண்டியில் நாம் பார்த்துப் பழகிய சமதரைப் பந்தயத்தில் இவற்றுக்கு அதிக வேலை கிடையாது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குளிர்காலம் முழுக்க நடக்கும் தடைப்பந்தயங்களிலோ, குதிரையைக் கணிப்பவர் முதலில் நிறுத்திப் படிக்கவேண்டியது இந்த எழுத்துகளைத்தான். அங்கே முன்கணிப்பு எழுத்து ஒரு தனித்துறையானது, முடிக்கப்படாத ஓட்டத்தை எப்படி வாசிப்பது என்ற கேள்வியைச் சுற்றித்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். வேகத்தை அளக்கும் முயற்சி அதற்குத் துணையாக, பின்னால்தான் வந்தது.

பதிவுகள் முதலில் சமதரைக்கு உரியவை. ஜான் செனி 1727இல் அச்சிட்ட பந்தய முடிவுகளின் பட்டியலும், 1773 முதல் வெதர்பி வெளியிட்ட பந்தய நாட்காட்டியும் அந்த உலகைச் சேர்ந்தவை. தடைதாண்டும் பந்தயம் வேட்டைக்காரர்களிடையே பிறந்தது. அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் 1752இல் பட்டவென்ட் தேவாலயத்திலிருந்து டோனரெய்ல் தேவாலயக் கோபுரம் வரை, வழியில் வந்த வேலியையும் பள்ளத்தையும் தாண்டி, இருவர் போட்டியிட்டதையே அதன் தொடக்கமாகச் சொல்வது மரபு. அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் தெரிந்த இரண்டு குதிரைகள் மோதும்போது முன்கணிப்பு எழுத்துக்கு அவசியமே இல்லை, ஊர்ப்பேச்சு போதும். இத்துறைக்கு நெடுங்காலம் நிலையான நிர்வாகமும் இல்லை. நேஷனல் ஹன்ட் குழு அமைந்தது 1866இல்தான்.

1839இல் லிவர்பூலுக்கு அருகே ஏன்ட்ரியில் 17 குதிரைகள் ஓடிய பந்தயத்தை முதல் கிராண்ட் நேஷனலாகக் கொள்கிறார்கள். வென்ற லாட்டரி, 5க்கு 1 (1 வைத்தால் 5 லாபம்) என்ற விலையில் மக்கள் பெரிதும் எதிர்பார்த்த குதிரையே. நான்கு ஆண்டுகள் கழித்து, 1843இல், எட்வர்ட் டோபம் அப்பந்தயத்தை எடைச்சமன் முறைக்கு மாற்றினார். வலிய குதிரைக்குக் கூடுதல் எடை, எளிய குதிரைக்குக் குறைந்த எடை. இந்த ஒரு மாற்றம் கணிப்பவரின் வேலையையே மாற்றியது. எந்தக் குதிரை சிறந்தது என்று கேட்ட இடத்தில், தன் திறனுக்குக் குறைவான எடையோடு எந்தக் குதிரை வந்திருக்கிறது என்று கேட்கவேண்டியதாயிற்று. நீண்ட தடைப்பந்தயங்களில் ஒரு லெங்த் (ஒரு குதிரையின் உடல் நீளம்) இடைவெளியை ஏறத்தாழ ஒரு பவுண்டு எடைக்குச் சமமாக எண்ணுவது வழக்கம். 1973 கிராண்ட் நேஷனலில் 12 ஸ்டோன் (168 பவுண்டு) சுமந்த கிரிஸ்பை, அதைவிட 23 பவுண்டு குறைவாகச் சுமந்த ரெட் ரம் முக்கால் லெங்தில் முந்தியபோது, தோற்ற குதிரையே மேலானது என்று சொல்ல இந்தக் கணக்குத்தான் துணிவு தந்தது.

1855இல் பிரிட்டனில் செய்தித்தாள் முத்திரை வரி நீங்கியது. 1859இல் ‘ஸ்போர்ட்டிங் லைஃப்’ தொடங்கியது. மலிவு விலைப் பத்திரிகையும் தந்தியும் சேர்ந்து, பந்தயத் திடலை ஒருநாளும் பார்த்திராத தொழிலாளியின் கைக்கு அன்றாடக் கணிப்பைக் கொண்டுவந்தன. கணிப்பாளர்கள் புனைபெயரில் எழுதினார்கள். ‘டெலிகிராஃப்’பின் ஹாட்ஸ்பர், ‘டெய்லி மெயி’லின் ராபின் குட்ஃபெலோ போன்ற பெயர்களுக்குப் பின்னால் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் பெயர் நிலைத்தது. ஆனால் அந்தப் பத்தியில் பெரும்பாலும் முடிவு மட்டுமே இருந்தது. காரணம் ஓரிரு வரி. வாசகர் நம்பவேண்டும், அல்லது விட்டுவிடவேண்டும். தானே சரிபார்க்க அவரிடம் ஒன்றுமில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் புகழ்பெற்ற கணிப்பாளர்கள் அல்லர், ஓட்டத்தைப் படிப்பவர்கள். தொலைநோக்கியோடு அரங்கின் உச்சியில் நின்று, எந்தக் குதிரை எந்தத் தடையில் தடுமாறியது, எங்கே இடைஞ்சலுக்கு உள்ளானது, எங்கே சோர்ந்தது என்பதை ஒருவர் சொல்லச்சொல்ல மற்றொருவர் எழுதிக்கொள்வார். ரேஸ்ஃபார்ம் என்ற பந்தயப் பதிவுத் தொகுப்புகளில் அவை சுருக்கெழுத்துகளாக அச்சாயின. ‘கடைசிக்கு முந்திய தடையில் விழுந்தது’ என்பது ஒரு செய்தி. ‘ஏற்கெனவே தோற்றுவிட்ட நிலையில் விழுந்தது’ என்றால் அது வேறு குதிரை. ‘களைப்பின்றி முன்னணியில் ஓடும்போது விழுந்தது’ என்றால் முற்றிலும் வேறு. மூன்றுக்கும் ஓட்டக் குறிப்பில் இருப்பது ஒரே எழுத்து. என் பார்வையில், தடைப்பந்தய முன்கணிப்பு அறிவுத்துறையானது இந்தப் பெயரறியா உழைப்பாளிகளின் குறிப்புகளில்தான்.

இதற்குச் சிறந்த சான்று 1963 நவம்பரில் நியூபரியில் நடந்த ஹென்னெஸி கோல்டு கப். அவ்வாண்டு செல்ட்டனம் கோல்டு கப்பை வென்றிருந்த மில் ஹவுஸ் 12 ஸ்டோன் சுமந்து வென்றது. ஐந்து பவுண்டு குறைவாகச் சுமந்த அயர்லாந்துக் குதிரை ஆர்க்கிள் மூன்றாவது. முடிவை மட்டும் பார்த்தால் வழக்கு முடிந்தது: எடைச் சலுகை பெற்றும் தோற்ற குதிரை, சம எடையில் எப்படி வெல்லும்? ஆனால் கடைசியிலிருந்து மூன்றாவது தடையைத் தாண்டி இறங்கியபோது ஆர்க்கிளின் கால் வழுக்கியிருந்தது. மங்கிய வெளிச்சத்தில் அரங்கிலிருந்த பலர் அதைக் கவனிக்கவில்லை. ஜாக்கி பாட் டாஃபேயும் பயிற்சியாளர் டாம் ட்ரீப்பரும் தங்கள் குதிரைமீது வைத்த நம்பிக்கையைக் கைவிடவில்லை. 1964 மார்ச்சில் செல்ட்டனம் கோல்டு கப்பில் இரண்டும் மீண்டும், இம்முறை சம எடையில், மோதின. அன்று மில் ஹவுஸின் விலை 8க்கு 13, அதாவது 8 பவுன் லாபம் வேண்டுமானால் 13 பவுன் வைக்கவேண்டும். ஆர்க்கிளுக்கு 7க்கு 4. நான்கே குதிரைகள் ஓடிய அப்பந்தயத்தில் ஆர்க்கிள் ஐந்து லெங்தில் வென்றது. அந்த விலை, ஒரு வழுக்கலைப் படிக்கத் தவறியவர்களின் கூட்டுத் தீர்ப்பு. அதன்பின் ஆர்க்கிளின் மேன்மை எவ்வளவு வெளிப்படையாயிற்று என்றால், அயர்லாந்தில் எடைச்சமன் பந்தயங்களுக்கு இரண்டு எடைப்பட்டியல் தயாரித்தார்கள்: ஆர்க்கிள் ஓடினால் ஒன்று, ஓடாவிட்டால் மற்றொன்று.

கடிகாரத்தை நம்பியவரும் இருந்தார். யார்க்‌ஷயரில் 1910இல் பிறந்து, லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்த ஃபில் புல், ஓட்ட நேரங்களைப் பகுத்தாய்ந்து பெயர்பெற்று, 1948இல் டைம்ஃபார்ம் நிறுவனத்தை உருவாக்கினார். சமதரையில் அந்த முறை பெரும் வெற்றி. தடைப்பந்தயத்தில் அது சிக்கலைச் சந்தித்தது. மழைக்காலச் சேறு ஒரே நாளில் மாறும். தடைகளின் இடம் நகர்த்தப்படும். முதல் இரண்டு மைல் உலாவிவிட்டுக் கடைசி மைலில் மட்டும் பந்தயம் நடப்பதும் உண்டு. ஆகவே டைம்ஃபார்ம் நேரத்தையும் எடையையும் இணைத்த மதிப்பெண்ணோடு கூடவே குறிகளையும் கொடுத்தது. இன்னும் முன்னேறும் குதிரைக்கு ஒரு குறி, நம்பமுடியாத குணத்துக்கு ஒன்று, மோசமாகத் தாண்டுவதற்கு இன்னொன்று. 1975-76 பருவம் முதல் தடைக்குதிரைகளுக்கென்றே ஆண்டுநூலும் வந்தது. ஆர்க்கிளுக்கு டைம்ஃபார்ம் அளித்த 212 இன்றுவரை தடைப்பந்தயத்தின் உச்ச மதிப்பெண். எண் அவ்வளவு பெரிதாக இருந்தும், அதன் அருகே குறி வைக்கும் இடம் தேவைப்பட்டது என்பதே கவனிக்கத்தக்கது.

குதிரையேறி ஓட்டியவர்கள் எழுத வந்ததும் இக்காலத்தில்தான். 1956 கிராண்ட் நேஷனலில் வெற்றிக்கோட்டுக்கு மிக அருகே, அரசியின் தாயாருக்குச் சொந்தமான டெவன் லாக், தடையே இல்லாத இடத்தில் திடீரெனச் சரிந்தது. அதன்மேல் இருந்த டிக் ஃபிரான்சிஸ் அடுத்த ஆண்டு சவாரியை விட்டு, ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ இதழில் பந்தயச் செய்தியாளராகப் பதினாறு ஆண்டுகள் எழுதினார். 1963 கிராண்ட் நேஷனலில் கேரிக்பெக் மீது முக்கால் லெங்தில் தோற்ற ஜான் ஓக்ஸி, ‘ஹார்ஸ் அண்ட் ஹவுண்ட்’ இதழில் ஆடாக்ஸ் என்ற பெயரில் எழுதிவந்தார். குதிரை எந்தத் தடையில் அஞ்சியது என்பதைச் சேணத்தின்மேலிருந்து உணர்ந்தவரின் வாக்கியத்துக்கு வேறொரு நுட்பம் உண்டு.

எந்த வாசிப்பும் எட்டாத எல்லையை 1967 கிராண்ட் நேஷனல் காட்டியது. முதல் தடையிலேயே ஜாக்கியை இழந்த பாபம் டவுன், 23ஆவது தடையின் முன்னே குறுக்கே ஓட, ஏறக்குறைய எல்லாக் குதிரைகளும் அங்கே மோதி நின்றன. வெகு பின்னால் வந்த ஃபாய்னவான் வழி பார்த்துத் தாண்டி, 100க்கு 1 விலையில் வென்றது. பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட ஹனி எண்ட் குழப்பத்திலிருந்து மீண்டு இரண்டாவதாக வந்தது. அன்று பாதியில் நின்ற குதிரைகளின் குறிப்பில் விழுந்த எழுத்துகள் அவற்றின் திறனைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. அடுத்த பந்தயத்தில் அந்த எழுத்தைத் தள்ளிவைத்துப் படிக்கத் தெரிந்தவரே நல்ல கணிப்பாளர்.

1960இல் பிபிசி முதன்முறையாகக் கிராண்ட் நேஷனலைத் தொலைக்காட்சியில் காட்டியது. 1961 மே 1 முதல் பந்தயக் கடைகள் சட்டபூர்வமாயின. 1986இல் ‘ரேசிங் போஸ்ட்’ வந்தது. காரணத்தோடு கூடிய கணிப்பைக் கேட்கும் பெரும் வாசகர் கூட்டம் இவற்றால் உருவானது. கணிப்பு அறிவா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி நம் ஊரிலும் நீதிமன்றம் ஏறியது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1974இல் இயற்றிய சட்டத்தைப் பற்றிய வழக்கில், அது பெரிதும் திறனைச் சார்ந்த விளையாட்டு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிண்டியில் தடைகள் இல்லை. ஆனாலும் குதிரையின் முந்தைய ஓட்டத்தைப் படித்தறிய முடியும் என்ற அதே அடிப்படைதான் அங்கும் ஏற்கப்பட்டது.

இன்று பழைய ஓட்டங்களின் ஒளிப்பதிவை யாரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். தரையின் இறுக்கத்தைக் கோயிங்ஸ்டிக் என்ற கருவி எண்ணாகத் தருகிறது. செல்ட்டனம் திருவிழாவுக்கு முந்தைய வாரங்களில் அயர்லாந்தின் விடுதிகளில் கூட்டம் கூடி, பயிற்சியாளரும் ஜாக்கியும் கணிப்பாளரும் ஒரே மேடையில் ஒவ்வொரு பந்தயத்தையும் அலசுகிறார்கள். 1963இல் சிலர் மட்டுமே கவனித்த ஒரு வழுக்கல் இன்று நேர்ந்தால், அன்றிரவே ஆயிரம் பேர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார்கள். மறுநாள் காலை குதிரையின் விலை இறங்கியிருக்கும். எனவே கணிப்பாளர் ஒரு படி மேலே போகவேண்டியிருக்கிறது. குதிரை ஏன் விழுந்தது என்பதோடு, அந்த விழுகைக்குச் சந்தை ஏற்கெனவே எவ்வளவு மன்னிப்பு வழங்கிவிட்டது என்பதையும் அவர் எடைபோட்டாக வேண்டும்.